விழிப்புணர்வு தினத்துக்கு மறுநாள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழிப்புணர்வு தினச் செய்திகளுக்கு உங்கள் நாளிதழில் எப்போதும் இடம் உண்டு. பேரணியின் படம், பதாகை பிடித்த மாணவர்கள், உறுதிமொழி எடுத்தவர்களின் எண்ணிக்கை, சிறப்பு விருந்தினர் பேச்சில் இரண்டு வரி. அத்தனையும் தினம் முடிந்த மறுநாள் காலை அச்சில் வருகிறது. படிக்கிறவர் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. முகாம் நேற்றே கலைந்துவிட்டது. இதே செய்தி 10 நாள் முன்பே, எங்கே, எத்தனை மணிக்கு, கையில் எதைக் கொண்டுவர வேண்டும், யார் வரத் தேவையில்லை என்ற விவரத்தோடு வந்திருந்தால் யாருக்காக அந்த முகாமோ அவர்கள் வந்திருப்பார்கள்.

குடியிருப்போர் சங்கங்கள், பள்ளிகள், இளைஞர் மன்றங்கள், தொழிற்சங்கங்கள் என்று பலரும் நல்ல மனத்தோடு இந்தத் தினங்களை எடுத்து நடத்துகிறார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதி பேனரிலும் மேடையிலும் கரைந்துபோவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் களப்பணியில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம். ஒரு தினம் நன்றாக நடந்ததா என்பதை அன்று திரண்ட கூட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. மறுநாள் காலை, அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சுகாதார நிலையத்தின் வாசலில் போய் நின்றால், அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் தேதி. ஆண்டு முழுக்க ஏதோ ஒரு தினம் வந்துகொண்டே இருக்கிறது. பலவற்றுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு, பேச்சைத் தொடங்க அது உதவும். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதுவே உலகக் காசநோய் தினம். ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டிய கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் பிறந்தது 1868 ஜூன் 14. அது ரத்ததானிகள் தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரடெரிக் பாண்டிங் பிறந்தது 1891 நவம்பர் 14. அது நீரிழிவு தினம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலானவர்களின் செல்களில் 21ஆம் குரோமோசோம் 2க்குப் பதில் 3 இருக்கும். அதனால் அதற்கான தினம் 3ஆம் மாதம் 21ஆம் தேதி. பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த ஒரு கணக்கைச் சொல்லிப்பாருங்கள், மறக்கவே மாட்டார்கள். ஆனால் தேதி அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லாத் தினங்களையும் கையில் எடுப்பது வீண். மாதத்துக்கு இரண்டு தினம் நடத்தும் அமைப்பு, எதையும் தொடர்ந்து கவனிக்க நேரமில்லாமல் அடுத்த பேனருக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 2 தினம் போதும். மிஞ்சினால் 3.

எந்த இரண்டு என்று முடிவுசெய்ய ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர், அறிகுறி தெரியுமுன்பே நோயைச் சோதித்துக் கண்டறிவதற்கு 10 நெறிகளை வகுத்தார்கள். கண்டுபிடிக்கும் நோய்க்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும். நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும். சோதனை மக்களுக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி நெறி, நோயாளிகளைக் கண்டறிவது தொடர்ந்து நடக்கும் பணி, ஒரே தடவையில் முடித்துவிடும் வேலை ஆகாது என்கிறது. முகாம் நடத்தும் ஒவ்வொருவரும் இந்தக் கடைசி நெறியை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு அடுத்து அவர் எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பினால், அவருக்குக் கொடுத்தது பயம் மட்டுமே. ஆகவே தேர்வு இப்படி நடக்கட்டும்: நடந்துபோகும் தூரத்தில் அல்லது ஒரே பேருந்தில் போகும் தூரத்தில் எந்த நோய்க்கு நிரந்தரமாகச் சிகிச்சை கிடைக்கிறதோ, அந்த நோயின் தினத்தை எடுங்கள். அப்படிச் சிகிச்சை கிடைக்காத நோயை எடுப்பதானால், அந்தத் தினத்தின் வேலை சோதனை முகாம் ஆகாது, அந்தச் சிகிச்சை இங்கே வேண்டும் என்று கேட்டு மனுக் கொடுப்பது.

ரத்ததானத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல நோக்கம் எங்கே பிசகும் என்பது இதில் கண்ணுக்குத் தெரியும்.

ஜூன் 14 வந்தால் ஒரே நாளில் 300 பேர், 500 பேர் என்று இலக்கு வைக்கிறார்கள். எடுக்கும் ரத்தம் ஒரு பையில் 350 அல்லது 450 மில்லி. அது முழு ரத்தமாகவே இருப்பதில்லை; சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் 35 முதல் 42 நாள்தான் வைத்திருக்க முடியும். சேர்க்கும் கரைசலைப் பொறுத்து அது மாறும். தட்டணுக்களின் ஆயுள் இன்னும் குறைவு. 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் வைத்தாலும் பெரும்பாலும் 5 நாள். உறையவைத்த பிளாஸ்மா மட்டும் ஓர் ஆண்டு தாங்கும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 14 அன்று குவிந்த தட்டணு ஜூன் 19இல் காலாவதி. சிவப்பணு ஜூலை கடைசியில் காலாவதி. அன்று கொடுத்த அத்தனை பேரும் அடுத்த 8, 12, 16 வாரம் (இடைவெளி நாட்டுக்கு நாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும்) கொடுக்க முடியாது. ஆகஸ்டில் ஒரு விபத்தோ சிக்கலான பிரசவமோ வந்தால் கூப்பிட ஆள் இல்லை. ரத்தம் கொடுக்க மனமுள்ளவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் செலவழித்துவிட்டோம்.

இதற்கு மாற்று எளிது. ஜூன் 14 அன்று ரத்தம் எடுப்பதைவிடப் பெயர் எடுங்கள். 120 பேர் பதிவுசெய்தால் 30, 30 பேராக 4 பிரிவு. முதல் பிரிவு ஜூனில், அடுத்தது செப்டம்பரில், பிறகு டிசம்பரில், மார்ச்சில். எந்த வாரம் தேவை என்பதை ரத்த வங்கியிடமே கேட்டு நாளைக் குறிக்கலாம். பரீட்சைக் காலத்திலும் நீண்ட விடுமுறையிலும் கல்லூரி முகாம்கள் இல்லாமல் கையிருப்பு குறையும். அந்த வாரங்களைக் கேட்டு வாங்குங்கள். நெகட்டிவ் வகைக்காரர்களை முகாமில் எடுக்காமல் தனிப்பட்டியலில் வைத்து, தேவை வரும்போது அழைக்கலாமா என்றும் ரத்த வங்கியிடமே கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்வதே முறை.

முகாம் நாளில் எத்தனை பேர் என்பதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பதிவு, கேள்விப் படிவம், ஹீமோகுளோபின் சோதனை, ரத்தம் எடுக்க 8 முதல் 10 நிமிடம், பிறகு 10 முதல் 15 நிமிட ஓய்வு. ஒரு கட்டிலில் மணிக்கு 3 பேர் என்று வைத்தால் 4 கட்டிலில் 5 மணி நேரத்துக்கு 60 பேர். அதற்கு மேல் டோக்கன் கொடுத்தால் ஓய்வு நேரத்தில்தான் கை வைப்பார்கள். மயங்கி விழுவது அங்கேதான். சட்டென்று எழுந்து நிற்பது, வெறும் வயிற்றோடு வந்தது, தண்ணீர் குடிக்காதது என்று காரணங்கள் எல்லாம் தெரிந்தவையே. ஊசி போடும் முன் அரை லிட்டர் தண்ணீர் கொடுத்தாலே சிரமம் ஓரளவு குறையும். இன்னொன்று, எந்த வகுப்பு அதிகப் பை கொடுத்தது என்று போட்டி வைக்கவே கூடாது. சமீபத்தில் காய்ச்சல் வந்ததையோ, பச்சை குத்தியதையோ, மாத்திரை சாப்பிடுவதையோ மறைத்து ஒருவர் ஊசிக்குக் கை நீட்டினால் அந்த ரத்தம் போய்ச் சேருவது ஏற்கெனவே நலிந்த ஓர் உடம்புக்கு. தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவரை யாரும் காரணம் கேட்காமல் இருப்பதும் முகாமின் ஒழுங்கில் சேர்த்தி.

சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனை முகாம்களில் நடக்கும் பிழை வேறு மாதிரி. அங்கே எண்ணே பொய்யாகிறது. வரிசையில் அரை மணி நேரம் நின்றவரை, உட்கார்ந்த மறுநொடி, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பெயரும் வயதும் கேட்டுக்கொண்டே அளக்கிறார்கள். வரும் எண் அவருடைய ரத்த அழுத்தமாக இருக்காது. 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. கையை மேசைமேல் வைத்து, பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டைக்குள் உள்ள காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் எண் கூடிக் காட்டும். ஆகவே பெரிய அளவுப் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். முந்தைய அரை மணியில் காபியோ புகையோ ஓட்டமோ இருக்கக் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும், அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் 2 தடவை அளந்து சராசரியை எழுத வேண்டும். இத்தனையும் செய்தால் ஒருவருக்கு 10 நிமிடம் ஆகும். உட்கார்ந்து ஓய்வெடுக்க 6 நாற்காலியும் அளக்க 2 மேசையும் போட்டால் வரிசை தேங்காது.

அன்று 140/90க்கு மேல் வந்துவிட்டால் அவர் நோயாளி என்று அங்கேயே முடிவுகட்டக் கூடாது. வேறொரு நாளில் மறுபடி அளந்து அப்போதும் அப்படியே இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று கொள்வது வழக்கம். 180/120ஐத் தொட்டவரை உட்காரவைத்து 5 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். எண் இறங்கவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் சேர்ந்திருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. வண்டி யாருடையது, ஓட்டுநர் யார் என்பது காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

சுகர் பார்க்கும் மேசையில் கவனம் விரலில் தொடங்க வேண்டும். பழம் உரித்த கையைக் கழுவாமல் நீட்டினால் விரலில் ஒட்டிய இனிப்பே 200க்கு மேல் காட்டப் போதும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, காய்ந்த பிறகு குத்த வேண்டும். ஸ்பிரிட் தடவினால் அது முழுதும் உலர வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவை ஒவ்வொரு தடவையும் மூட வேண்டும். வெயிலிலும் ஈரக் காற்றிலும் திறந்து கிடந்த ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. விரலைக் குத்தும் ஊசியான லான்செட் ஒருவருக்கு ஒன்று, குத்தியதும் ஊசி தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். பேனா மாதிரியான குத்தும் கருவியை, ஊசியை மட்டும் மாற்றி, பலருக்குப் பயன்படுத்துவதை இன்னமும் சில முகாம்களில் காண முடிகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். உலர்ந்த ரத்தக் கறையிலும் ஹெபடைடிஸ் பி வைரஸ் 7 நாள்வரை உயிர்ப்போடு இருக்கும். நீரிழிவு தினத்தில் ஒருவருக்குக் கல்லீரல் நோயைக் கொடுத்து அனுப்பினால் அதற்குப் பிராயச்சித்தம் கிடையாது. பயன்படுத்திய ஊசிகளைக் குத்த முடியாத கெட்டியான டப்பாவில் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, மருத்துவமனைக் கழிவோடு அனுப்ப வேண்டும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில்தான் அது ஏறும்.

வீட்டுக்கு எடுத்துப்போகும் செய்தியைப் பற்றிக் கொஞ்சம். ஒழிப்போம், காப்போம், உறுதியேற்போம் என்று முடியும் வாசகங்களால் யாரும் எதுவும் செய்வதில்லை. செப்டம்பர் 28 ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தினம்; அதற்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895இல் மறைந்த நாள். ரேபிஸை ஒழிப்போம் என்று எழுதிய பேனருக்குப் பதில் இப்படி எழுதுங்கள்: ‘நாய் கடித்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.’ படித்த ஒருவர் அன்றிரவே ஓர் உயிரைக் காப்பாற்றலாம். காசநோய்க்கு: ‘இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள்.’ பக்கவாதத்துக்கு, அக்டோபர் 29: ‘முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா? தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு.’ நேரம் குறிப்பது ஏன் என்றால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாகத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் மருத்துவர் தயங்குவார். ஒரு நோட்டீஸுக்கு ஒரு செயல். எழுத்தின் உயரம், 3 மீட்டர் தள்ளிப் படிக்க வேண்டுமானால் 2.5 செ.மீ.யாவது இருக்கட்டும். அடியில் நன்கொடையாளர் பெயர்கள் பெரிதாகவும் தொலைபேசி எண் சிறிதாகவும் இருக்கும் நோட்டீஸைத் திருப்பி அச்சடிக்கச் சொல்லும் துணிச்சல் வேண்டும்.

அந்தத் தொலைபேசி எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அச்சுக்குப் போகும் முன் அந்த எண்ணுக்குக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இரவு 10 மணிக்கு ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். எடுக்கிறார்களா, நம் மொழியில் பேசுகிறார்களா என்று பாருங்கள். எடுக்காத எண்ணைத் தற்கொலைத் தடுப்பு தினத்தில் விநியோகிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. செப்டம்பர் 10 அன்று வரும் அந்தத் தினத்தில் மேடைக்கும் பத்திரிகைக்கும் பொதுவான சில கட்டுப்பாடுகள் உண்டு. எப்படி, எங்கே என்ற விவரம் வரக் கூடாது. பரீட்சைத் தோல்வியால், காதல் தோல்வியால் என்று ஒற்றைக் காரணம் கட்டக் கூடாது; அது இன்னொருவருக்கு வழி காட்டியதாக முடியும். தலைப்புச் செய்தியாகவும் படத்தோடும் போடுவதைத் தவிர்க்க வேண்டும். தாங்கிப் பிடித்துக் கரையேறியவர்கள் என்ன செய்தார்கள், யாரிடம் பேசினார்கள் என்பதை எழுதலாம், அது உதவும். மாணவர்களை வைத்து நாடகம் போடுகிறவர்கள் சாவைக் காட்சியாக்கவே கூடாது.

எச்.ஐ.வி., காசநோய், தொழுநோய் மூன்றிலும் நோயைவிட ஊர்ப்பேச்சு முன்னால் நிற்கிறது. எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று திறந்தவெளி முகாமில் வரிசையில் நிற்கவைத்து எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. சோதனைக்கு முன் விளக்கம், சம்மதம், முடிவைத் தனியறையில் சொல்வது, பிறகு ஆலோசனை எல்லாம் வேண்டும். முதல் விரைவுச் சோதனையில் பாசிட்டிவ் வந்தாலும் மேற்கொண்டு சோதனைகளால் உறுதிசெய்த பிறகே அது நோய் முடிவு. முகாமில் செய்யத்தக்கது, அந்த வசதி எந்த மருத்துவமனையில் எந்த அறையில் எந்த நேரத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புவது. தொழுநோய் தினத்தில் முற்றிய நிலையின் படத்தைப் பெரிதாகப் போடுவார்கள். பார்த்தவர் தன் தோளில் இருக்கும் உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமலை அதோடு சேர்த்துப் பார்க்கவே மாட்டார். தொடக்கத் தேமலின் படத்தைப் போடுங்கள். கூட்டுமருந்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும், 1995 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக அது இலவசமாகக் கிடைக்கிறது என்று எழுதுங்கள்.

நோயைக் கடந்துவந்தவரைப் பேச அழைப்பது நல்லது. அவர் பெயர், படம், ஊர் ஆகியவை செய்தியில் வரலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இன்று மேடையில் சம்மதித்தவர் நாளை இணையத்தில் அந்தப் படம் சுற்றுவதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். அன்றைக்கு விழா மேடைக்கு ஏற 4 படி இருக்கும். பரிசு வாங்கச் சக்கர நாற்காலியில் வந்தவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பார்கள், கூட்டம் கைதட்டும். அவருடைய முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சாய்தளத்தின் கணக்கு 12க்கு 1. மேடை 60 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு பலகையைச் சரித்துப் போட்டுவிட்டுச் சாய்தளம் என்றால் நாற்காலி பின்பக்கம் கவிழும். அத்தனை நீளத்துக்கு இடமில்லையா, மேடையே வேண்டாம். எல்லோரும் தரையில் ஒரே மட்டத்தில் இருந்து பேசலாம். வாசல் 90 செ.மீ. அகலம், கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது, சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்தில் வெளிச்சம், அவர் அருகே காது கேளாதோருக்கு முன்வரிசை, ஒரு மணி நேரத்துக்கு மேலானால் மாறிமாறிப் பெயர்க்க 2 பேர். ஒலிபெருக்கியின் இரைச்சல் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வலியாகவே இருக்கும். அமைதியான ஓர் அறையை ஒதுக்கி, வழி காட்டும் அம்பு ஒட்டுங்கள். இவை எதையும் டிசம்பர் 3க்காக மட்டும் செய்ய வேண்டியதில்லை. மற்றத் தினங்களுக்கும் அவர்கள் வருவார்கள்.

சமூகத் தினங்களில் பாதுகாப்பே முதல் கேள்வி. நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960இல் கொல்லப்பட்ட நாள். அன்று வீட்டுக்கு வீடு துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். அடி வாங்கும் பெண்ணின் பையில் அந்தத் தாள் இருப்பதை அடிக்கிறவன் பார்த்தால் அன்றிரவு என்ன ஆகும்? உள்ளங்கைக்குள் மடங்கும் சின்னச் சீட்டு, அதில் தலைப்பு இல்லாமல் எண் மட்டும், பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் கிழித்தெடுக்கும்படி ஒட்டி வைப்பது. இவ்வளவுதான் வேண்டியது. எத்தனை சீட்டுக் கிழிந்திருக்கிறது என்று வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்தால் தேவை எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினத்தில் வேலை செய்யும் குழந்தையைப் படமெடுத்துப் பரப்பக் கூடாது. முதலாளி அன்றே குழந்தையை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார். புகாரைப் படத்தோடு உரிய அதிகாரியிடம் மட்டும் கொடுக்க வேண்டும். ஜூன் 15 முதியோர் கொடுமை ஒழிப்பு தினத்திலும் அப்படித்தான்: பெரியவர்களிடம் பிள்ளைகளின் முன்னால் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். தனியே உட்காரவைத்துக் கேளுங்கள்.

நன்கொடை வாங்கும்போது எந்தக் கையிலிருந்து வருகிறது என்று பார்ப்பது அவசியம். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். பால்மாவு நிறுவனத்தின் பேனரோ மாதிரிப் பொட்டலமோ அதில் வரக் கூடாது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மே 31 புகையிலை எதிர்ப்பு தினத்துக்குப் புகையிலை நிறுவனத்தின் கிளை அமைப்பு பந்தல் போட்டுத் தருகிறேன் என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும். ரிப்பன், ஒரே நிறச் சட்டை, கட்டடத்துக்கு நிற விளக்கு இவற்றுக்கு ஆகும் செலவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அந்தத் தொகையில் பெரிய அளவுப் பட்டையும் லான்செட்டும் வாங்கிய பிறகு மிச்சமிருந்தால் ரிப்பன் குத்திக்கொள்ளலாம்.

இதெல்லாம் கைகூடப் 12 வாரம் முன்பே தொடங்க வேண்டும். முதல் வாரத்திலேயே சுகாதார நிலையப் பொறுப்பாளரைப் பார்த்து, எத்தனை பேரை அனுப்பினால் உங்களால் பார்க்க முடியும் என்று கேளுங்கள். அவர் வாரத்துக்கு 15 என்றால் முகாமில் 400 பேரைச் சோதிக்க வேண்டாம். 10 பேருக்கு 2 பேர் மேல்சிகிச்சைக்குப் போவார்கள் என்று வைத்துக்கொண்டால், அவர் 4 வாரத்தில் பார்க்க முடிந்த 60 பேருக்கு 300 பேரைச் சோதிப்பதே உச்சம். அதையும் 2 நாளாகப் பிரிக்கலாம். அனுப்பும் சீட்டு இரு பாதியாக இருக்கட்டும். ஒரு பாதி அவர் கையில், மறுபாதி அமைப்பாளரிடம். பதிவேட்டைத் திறந்த மேசையில் விரித்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்று வரிசையில் நிற்பவர் படிக்கக் கூடாது. டோக்கன் எண்ணை மட்டும் எழுதி, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டிவைக்க வேண்டும். பிறகு 7ஆம் நாள் ஒரு தொலைபேசி, 30ஆம் நாள் ஒன்று, 90ஆம் நாள் ஒன்று. போனீர்களா, போகவில்லையென்றால் என்ன தடை? கூலி போய்விடும், பேருந்து இல்லை, அங்கே திட்டினார்கள், பயமாக இருந்தது. இந்தப் பதில்களை எழுதி வைத்தால் அடுத்த ஆண்டுத் தினத்துக்கான திட்டம் அதிலேயே இருக்கிறது. மாலை நேர ஓ.பி. வேண்டும் என்ற மனுவுக்கு அதைவிட நல்ல ஆதாரமும் கிடைக்காது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது மூன்று. தினத்துக்கு 10 நாள் முன்பு முகாம் விவரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அந்தப் பத்தியில் நோயின் வரலாறு வேண்டாம். இடம், நேரம், வர வேண்டியவர் யார், கையில் எடுத்துவர வேண்டிய பழைய சீட்டு, மாத்திரைப் பட்டை, இவ்வளவு போதும். தினத்தன்று வரும் படத்தில் நோயாளிகளின் முகம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, 90 நாள் கழித்து உங்கள் நிருபர் ஒருவர் அந்த அமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, அன்று சோதித்தவர்கள் எத்தனை பேர், மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர், போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று 3 எண்களைக் கேட்கட்டும். அவற்றை அப்படியே வெளியிடுங்கள். ஜூன் 14இல் நடந்தால் செப்டம்பர் 12 அன்று, நவம்பர் 14இல் நடந்தால் பிப்ரவரி 12 அன்று அந்த அழைப்பு போக வேண்டும். அப்படி ஓர் அழைப்பு வரும் என்று முன்பே தெரிந்தால், அமைப்பாளர்கள் சீட்டின் மறுபாதியைக் கிழித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
சமூக சுகாதாரக் களப்பணியாளர்கள் சிலர்